வசந்தத்தில் திமிங்கலம் பார்க்கப் படகேறுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் முறை திமிங்கலம் பார்க்கப் போனபோது நான் அதிக நேரம் பார்த்தது ஒரு பிளாஸ்டிக் வாளியின் அடிப்பாகத்தைத்தான். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, மெல்லிய பருத்திச் சட்டையோடு படகின் முனையில் போய் நின்றுகொண்டு, கேமராத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்தில் ஆள் சுருண்டுவிட்டேன். "அதோ, அதோ!" என்று மற்றவர்கள் கத்தியபோது தலையைத் தூக்கக்கூட முடியவில்லை.

மூன்று மணி நேரப் பயணத்தில் திமிங்கலம் நீருக்கு மேலே தெரியும் நேரத்தையெல்லாம் கூட்டினால் சில நிமிடங்கள் தேறும். அந்தச் சில நிமிடங்களில் நீங்கள் நிமிர்ந்து நிற்க வேண்டும், நடுங்காமல் இருக்க வேண்டும், சரியான திசையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கீழே சொல்லியிருக்கும் எல்லாமே அதற்கான ஏற்பாடுதான்.

1. எந்த வசந்தம்?

வடகோளத்தில் மார்ச் முதல் மே வரை வசந்தம். தென்கோளத்தில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. இது பள்ளிப் பாடம்தான். ஆனாலும் "வசந்தத்தில் திமிங்கலம் வரும்" என்று எங்கோ படித்துவிட்டு ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவின் ஹெர்மானஸுக்கு டிக்கெட் போட்டால் பெரும்பாலும் வெறும் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

வசந்தத்துக்கும் திமிங்கலத்துக்கும் நடுவில் இருப்பது சாப்பாடு. குளிர்காலப் புயல்கள் கடலைக் கலக்கி, ஆழத்தில் கிடக்கும் சத்துகளை மேலே கொண்டுவந்து விடுகின்றன. வெயில் ஏறத் தொடங்கியதும் அந்தச் சத்தை எடுத்துக்கொண்டு நுண்பாசிகள் பெருகும். நீர் பச்சை நிறம் கொள்ளும். பாசியைத் தின்னக் கிரில் என்னும் இறால் போன்ற சிற்றுயிர்கள் வரும், அவற்றைத் தின்னச் சிறு மீன்கள் வரும், இரண்டையும் தின்னத் திமிங்கலம் வரும். வெதுவெதுப்பான கடலில் குட்டி போட்டுப் பல மாதங்கள் ஏறக்குறையப் பட்டினியாகவே கழித்த விலங்குகள் அவை. பசியோடுதான் வருகின்றன.

கலிஃபோர்னியாக் கரையில் இன்னொன்றும் நடக்கிறது. வசந்தத்தில் வீசும் வடமேற்குக் காற்று மேல்நீரைக் கரையிலிருந்து அப்பால் தள்ள, அந்த இடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்நீர் மேலெழுகிறது. சத்தெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஆக, உங்களைக் குமட்ட வைக்கும் அதே காற்றுதான் திமிங்கலத்துக்குச் சோறு போடுகிறது. வசந்தப் பயணங்கள் கோடைப் பயணங்களைவிடக் குளிராகவும் ஆட்டமாகவும் இருப்பது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

வெப்பமண்டலக் கடல்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இலங்கையில் பருவத்தைத் தீர்மானிப்பது பருவக்காற்று. தெற்கே மிரிஸ்ஸவில் நீலத் திமிங்கலம் பார்க்க ஏற்ற காலம் ஏறத்தாழ டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் தென்கடல் கொந்தளிக்கும். அப்போது கிழக்கே திருகோணமலைப் பக்கம் கடல் அடங்கியிருக்கும்.

2. எந்தத் திமிங்கலம், எந்தக் கரை?

வசந்தத்துக்கென்றே ஒரு திமிங்கலம் உண்டென்றால் அது சாம்பல் திமிங்கலம்தான். மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாக் காயல்களில் குளிர்காலத்தில் குட்டி போட்டுவிட்டு, அலாஸ்காவுக்கு அப்பால் பெரிங், சுக்ச்சிக் கடல்களுக்கு இரை தேடிப் போகும். போய்வரும் தூரம் 16,000 முதல் 20,000 கி.மீ. வடக்கு நோக்கிய பயணம் பிப்ரவரி நடுவில் தொடங்குகிறது. குட்டியில்லாதவை முதலில் கிளம்பிவிடும். தாயும் குட்டியும் கடைசியாக, பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில், கரையை ஒட்டியே, கெல்ப் என்னும் கடற்பாசிக் காடுகளின் ஓரமாகவே நகரும். குட்டி பார்க்க ஆசை என்றால் மார்ச் தொடக்கத்தில் போய்ப் பயனில்லை.

கரையை ஒட்டிப் போவதற்குக் காரணம், கொலைகாரத் திமிங்கலம் எனப்படும் ஓர்காக்கள். கலிஃபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிக அருகிலேயே தொடங்குகிறது. அதைக் கடக்கும்போது தாயும் குட்டியும் திறந்த கடலில் மாட்டிக்கொள்ளும். ஏப்ரல், மே மாதங்களில் ஓர்காக் கூட்டங்கள் அங்கே காத்திருக்கும். வேட்டை மணிக்கணக்கில் நீளலாம். குட்டி தப்பிப்பதும் உண்டு, தப்பாததும் உண்டு. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. டிக்கெட் விற்கும் விளம்பரங்களில் இந்தப் படம் இருக்காது.

தொடக்க இடமான பாஹாவிலேயே பார்க்கலாம் என்றால் ஜனவரி முதல் ஏப்ரல் முற்பகுதி வரை. சான் இக்னாசியோ, ஓஹோ தே லியெப்ரே, மக்தலேனா விரிகுடா ஆகிய மூன்றும் பெயர் பெற்ற இடங்கள். 1850-களில் சார்லஸ் ஸ்காமன் என்ற வேட்டைக் கப்பல் தலைவர் ஓஹோ தே லியெப்ரேக்குள் நுழைந்தபோது, குட்டிகளைக் காக்கத் தாய்கள் படகுகளை அடித்து நொறுக்கின. வேட்டைக்காரர்கள் இந்த இனத்துக்கு வைத்த பெயர் "பேய்மீன்". அதற்குப் பின் நூற்றாண்டுக்கும் மேல் ஓடி, 1972-ல் சான் இக்னாசியோவில் பச்சிக்கோ மயோரால் என்ற மீனவரின் சிறு படகை ஒரு சாம்பல் திமிங்கலம் நெருங்கியது. விலகிப் போகாமல் படகோடு உரசிக்கொண்டே நின்றதால் அவர் பயந்து பயந்து கையை நீட்டித் தொட்டார். இன்று அந்தக் காயலில் தாய்களே குட்டிகளைப் படகருகே கூட்டி வருகின்றன. ஏன் அப்படிச் செய்கின்றன என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். எனக்கு எதுவும் முழுதாகத் திருப்தி தரவில்லை. அனுமதி பெற்ற படகோட்டிகள் மட்டுமே அங்கே பயணிகளை அழைத்துப் போக முடியும். ஒரே நேரத்தில் எத்தனை படகு, எவ்வளவு நேரம் என்பதற்கும் கட்டுப்பாடு உண்டு.

வேட்டையில் அழியப் பார்த்த இந்த இனத்தின் கிழக்குப் பசிபிக் கூட்டம் மீண்டு வந்து, 1994-ல் அமெரிக்காவின் அழியும் ஆபத்திலுள்ள விலங்குகள் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. 2016 வாக்கில் ஏறத்தாழ 27,000 இருந்தன. பிறகு சரிவு. 2019 முதல் 2023 வரை மெலிந்த உடல்கள் கரையில் வந்து ஒதுங்கிக்கொண்டே இருந்தன. 2025-ல் வெளியான மதிப்பீடு சுமார் 13,000. வடதுருவக் கடலில் இரை குறைந்துபோனதே முதன்மைக் காரணமாகச் சொல்லப்படுகிறது. நீங்கள் பார்க்கப்போவது பசித்த விலங்கு என்று மேலே சொன்னதை இங்கே மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள்.

வாஷிங்டன் மாநிலத்தின் பியூஜெட் சவுண்ட் என்னும் உள்கடலுக்கு ஒரு சிறு கூட்டம் மட்டும் வழியில் விலகி வருகிறது. ஆண்டுதோறும் மார்ச் முதல் மே வரை விட்பி தீவுப் பக்கம் வந்து, நீர் ஏறியிருக்கும் நேரத்தில் சேற்றுத் திட்டுகளின் மேல் பக்கவாட்டில் படுத்து, சேற்றோடு இறாலை உறிஞ்சித் தின்னும். நீர் வடிந்த பிறகு அந்தச் சேற்றில் அவை தோண்டிய குழிகள் வரிசையாகத் தெரியும்.

மற்ற கரைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மாசசூசெட்ஸை அடுத்த ஸ்டெல்வாகன் என்னும் கடலடித் திட்டுக்கு ஏப்ரல் முதல் ஹம்பேக் திமிங்கலங்கள் வந்து சேரும். பக்கத்திலேயே கேப் காட் விரிகுடாவில் அதே மாதங்களில் வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலம் தென்படும். உலகத்திலேயே நானூறுக்கும் குறைவாகத்தான் அவை மிஞ்சியிருக்கின்றன. படகுகள் 457 மீட்டருக்குள் நெருங்கக்கூடாது என்பது சட்டம். அதனால் அதைப் பார்க்கக் கரைதான் சிறந்த இடம். சில நாட்களில் கடற்கரையில் நின்றபடியே பார்த்துவிடலாம், செலவும் மிச்சம். ஐஸ்லாந்தின் ஹூசாவிக்கில் பயணங்கள் வசந்தத்தில் தொடங்கும். நீலத் திமிங்கலம்தான் வேண்டும் என்றால் ஜூன் வரை பொறுங்கள்.

போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாக. ஏப்ரல், மே மாதங்களில் நீலத் திமிங்கலமும் ஃபின் திமிங்கலமும் அந்த வழியாக வடக்கே போகும். ஸ்பெர்ம் திமிங்கலம் ஆண்டு முழுக்க உண்டு. மலைமுகடுகளில் "விஜியா" என்ற கண்காணிப்புக் குடில்கள் இருக்கின்றன. 1980-களில் நின்றுபோன திமிங்கல வேட்டைக்காகக் கட்டியவை. இன்று அதே குடிலில் ஒருவர் பெரிய தொலைநோக்கியோடு உட்கார்ந்து, திமிங்கலத்தின் மூச்சு தெரியும் திசையை ரேடியோவில் சுற்றுலாப் படகுக்குச் சொல்கிறார். தேடி அலையும் நேரம் மிச்சமாகிறது.

தென்கோள வசந்தத்துக்கு ஹெர்மானஸ், அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பம் இரண்டும் தென் ரைட் திமிங்கலத்துக்குப் பேர்போனவை. இரண்டிலும் கரையிலிருந்தே பார்க்க வாய்ப்புண்டு.

3. படகைத் தேர்ந்தெடுப்பது

பெரிய இரட்டை உடல் கொண்ட கேட்டமரான் படகுகள் ஆட்டம் குறைவு, கழிப்பறை உண்டு, உயரத்திலிருந்து பார்க்கலாம். ஆனால் கூட்டத்தில் தோள் இடித்துக்கொண்டு நிற்க வேண்டும். காற்றடைத்த ரப்பர் படகுகள் வேகமானவை, நீர்மட்டத்துக்கே கொண்டுபோய்விடும்; முதுகுவலிக்காரர்கள், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள் பக்கமே போகக்கூடாது. ஒவ்வொரு அலைக்கும் முதுகெலும்பு பதில் சொல்லும். முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது பெரிய படகுதான்.

முன்பதிவு செய்யும் முன் கேட்க வேண்டியவை சில உண்டு. படகில் இயற்கை அறிஞர் ஒருவர் வருகிறாரா? ஒலிபெருக்கியில் நகைச்சுவை சொல்பவரா, கடலைப் படித்தவரா என்பதில் பயணத்தின் பாதி மதிப்பு இருக்கிறது. "கண்டிப்பாகத் திமிங்கலம் காட்டுவோம்" என்ற உத்தரவாதத்துக்கு என்ன அர்த்தம்? பெரும்பாலும் பணம் திரும்ப வராது, இன்னொரு நாள் இலவசமாக வரலாம் என்பதுதான். நாளைக்கே ஊர் திரும்புகிறவருக்கு அந்தச் சீட்டு வெறும் காகிதம். காற்று அதிகமாகி ரத்தானால் பணம் என்னவாகும்? போன வாரம் எதையெல்லாம் பார்த்தார்கள்? நல்ல நிறுவனங்கள் அன்றாடம் பார்த்ததை, பார்க்காததையும் சேர்த்து, பதிவு செய்து வெளியிடுகின்றன. விளம்பரப் படத்தைவிட அந்தப் பதிவை நம்புங்கள்.

"தொடும் தூரம் கொண்டுபோவோம்" என்று பெருமையடிப்பவரைத் தவிர்த்துவிடுங்கள். பாஹாவில் திமிங்கலமே வருவது வேறு. துரத்திக்கொண்டு போவது வேறு. அமெரிக்கக் கிழக்குக் கரையில் 2009 முதல் வேல் சென்ஸ் என்ற தன்னார்வத் திட்டம் இருக்கிறது. பொறுப்பாக நடந்துகொள்ளும் நிறுவனங்களுக்கு அங்கீகாரம் தருகிறார்கள். அப்படி ஏதும் இல்லாத இடங்களில், "திமிங்கலத்தைக் கண்டதும் என்ன செய்வீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள். வேகத்தைக் குறைப்போம், பக்கவாட்டில் ஓடுவோம், கொஞ்ச நேரம் இருந்துவிட்டு விலகுவோம் என்று பதில் வந்தால் சரி.

பயணம் மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் யோசியுங்கள். போகவரவே பாதி நேரம் போய்விடும்.

4. நாளும் கடலும்

முடிந்தால் காலைப் படகில் போங்கள். நிலம் சூடேறியதும் பிற்பகலில் கடற்காற்று எழும், கடல் கலங்கும். ஊரில் இரண்டு மூன்று நாள் இருப்பதாக இருந்தால் பயணத்தை முதல் நாளிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ரத்தானால் மறுநாள் பார்க்கலாம்.

வானிலை அறிக்கையில் வெயிலா மழையா என்பது இரண்டாம் பட்சம். காற்றைப் பாருங்கள். காற்றின் வலுவைச் சொல்லும் போஃபோர்ட் அளவில் 2 வரை, அதாவது 6 நாட் வரை (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ.), நுரை தெரியாது. பார்க்க அருமையான கடல். 3-ல், 7 முதல் 10 நாட்டில், ஆங்காங்கே வெள்ளை நுரை தலைகாட்டும். 4-ல், 11 முதல் 16 நாட்டில், கடல் முழுக்க நுரை. அப்போது ஒவ்வொரு நுரையும் திமிங்கலம் போலவே இருக்கும்; மின்கே போன்ற சின்னத் திமிங்கலம் பக்கத்தில் போனாலும் தெரியாது. மெல்லிய மேகமூட்டமும் காற்றில்லாத நீரும் வெயில் நாளைவிட மேல்: நீரைப் பார்த்தால் கண் கூசாது.

அலையின் உயரத்தை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒன்றரை மீட்டர் அலை பன்னிரண்டு வினாடிக்கு ஒரு முறை வந்தால் தொட்டில் மாதிரி இருக்கும். அதே உயரம் ஐந்து வினாடிக்கு ஒரு முறை வந்தால் மேடு பள்ளச் சாலையில் மாட்டுவண்டி.

5. வயிறு

கடல் குமட்டல் பலவீனத்தின் அடையாளம் என்று யாராவது சொன்னால் கண்டுகொள்ளாதீர்கள். உள்காதிலுள்ள சமநிலை உறுப்பு "ஆடுகிறோம்" என்கிறது. படகின் அறைக்குள்ளோ கைப்பேசியிலோ பதிந்திருக்கும் கண் "ஆடவில்லை" என்கிறது. மூளை இந்த இரண்டு சாட்சிகளுக்கு நடுவில் குழம்பிப் போகிறது. தீர்வும் அதிலேயே இருக்கிறது: கண்ணும் ஆட்டத்தைப் பார்க்கட்டும். வெளியே நில்லுங்கள், தொடுவானத்தைப் பாருங்கள்.

டைமென்ஹைட்ரினேட், மெக்லிசின் போன்ற மாத்திரைகளைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் மாத்திரை கடலுக்குத்தான் போகும். தூக்கம் வரும், அதனால் திரும்பி வந்து வண்டி ஓட்ட வேறொருவரை ஏற்பாடு செய்யுங்கள். காதின் பின்னால் ஒட்டும் ஸ்கோபொலமின் பட்டையைப் பல மணி நேரம் முன்பே ஒட்ட வேண்டும். கண் அழுத்த நோய், புராஸ்டேட் சிக்கல் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றில் எதையும் தொடக்கூடாது. மாத்திரை புதிது என்றால் வீட்டில் ஒரு நாள் போட்டுப் பார்த்துவிடுங்கள். கடலில் போய்ச் சோதனை வேண்டாம்.

சாப்பாடு லேசாக இருக்கட்டும், வெறும் வயிறும் ஆகாது. இஞ்சி சிலருக்குக் கேட்கிறது. படகின் நடுப்பகுதியிலும் பின்பகுதியிலும், கீழ்த்தளத்தில், ஆட்டம் குறைவு. அணியம் எனப்படும் முன்முனையில் காட்சி அழகுதான், ஆனால் அங்கேதான் ஏற்ற இறக்கம் அதிகம். மீறி வாந்தி வந்தால் காற்று அடிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் போங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்பது ஒரு முறை தவறிய யாருக்கும் புரியும்.

6. உடையும் கருவியும்

கரையில் வியர்க்கும் நாளிலும் கடலில் பல் கிட்டும். மான்டெரேயில் வசந்தக் கடல்நீர் 10 முதல் 13 டிகிரிதான். படகின் வேகமும் சேரும்போது காற்று ஊசியாகக் குத்தும். ஒரே தடித்த கோட்டைவிட, கழற்றி மாட்ட வசதியாக மூன்று அடுக்கு நல்லது: உள்ளே வியர்வையை வெளியேற்றும் துணி, நடுவில் கம்பளி, மேலே காற்றும் நீரும் புகாத ஜாக்கெட். பருத்தி நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். காதை மூடும் தொப்பி, கையுறை, வழுக்காத காலணி. நீரில் பட்டுத் திரும்பும் வெயிலும் சுடும், அதனால் சன்ஸ்கிரீன். நீர்ப்பரப்பின் பளபளப்பை வெட்டும் போலரைஸ்டு கண்ணாடியை மறக்க வேண்டாம். படகுக்குக் கீழே நழுவிப் போகும் டால்பினைப் பார்க்க அதுதான் உதவும்.

தொலைநோக்கி என்றால் 7 அல்லது 8 மடங்கு போதும். 10-க்கு மேல் போனால் ஆடும் படகில் எதுவும் நிலைக்காது. முதலில் வெறுங்கண்ணால் கண்டுபிடியுங்கள், அப்புறம் தொலைநோக்கியை எடுங்கள். அதிலேயே கண்ணை வைத்துக்கொண்டிருந்தால் ஐந்தாம் பிரிவை மறுபடி படிக்க வேண்டிவரும்.

7. கடலைப் பார்க்கும் விதம்

புதிதாக வருகிறவர்கள் திமிங்கலத்தைத் தேடுகிறார்கள். பழகியவர்கள் மூச்சைத் தேடுகிறார்கள். முதுகு நீரோடு நீராகக் கிடக்கும், தெரியாது. மூச்சுதான் சில கிலோமீட்டர் தள்ளியும் தெரியும். அது பீய்ச்சியடிக்கும் தண்ணீர் இல்லை; நுரையீரலிலிருந்து வேகமாக வெளியேறும் ஈரக்காற்று, குளிர்ந்து வெண்புகையாகத் தெரிகிறது. காற்றில்லாத நாளில் ஓரிரு வினாடி நின்று கலையும்.

கடலைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தொடுவானத்தின் இடப்பக்கத்தில் தொடங்கி வலப்பக்கம் வரை மெதுவாக நகருங்கள்; பிறகு பாதித் தூரத்தில் அதே போல; பிறகு படகுக்கு அருகில். கண்ணை ஒரே புள்ளியில் குத்தி வைக்காமல் கொஞ்சம் தளர்த்தி விடுங்கள். அசைவு ஓரக்கண்ணில்தான் முதலில் படும்.

படகில் திசையைக் கடிகாரமாகச் சொல்வார்கள். அணியம் 12 மணி, பின்பக்கம் 6 மணி, வலப்பக்கம் 3, இடப்பக்கம் 9. "இரண்டு மணியில், தூரத்தில்!" என்று ஒலிபெருக்கியில் வந்தால் கைக்கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். பார்த்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பறவைகளைக் கவனியுங்கள். ஓரிடத்தில் வட்டமிட்டு மேலிருந்து குத்திக் குத்தி இறங்கினால் அடியில் மீன் திரண்டிருக்கிறது. மீன் இருந்தால் டால்பினோ திமிங்கலமோ வரும். இன்னொரு அடையாளம், சிற்றலைகளுக்கு நடுவில் எண்ணெய் ஊற்றியது போல வழவழப்பான வட்டம். வாலின் வீச்சு மேல்நீரைத் தள்ளி உண்டாக்கும் தடம் அது. திமிங்கலம் போன பிறகும் சிறிது நேரம் நிற்கும். வட்டங்கள் வரிசையாக இருந்தால் அது எந்தப் பக்கம் போகிறது என்பதும் தெரிந்துவிடும்.

ஒரு முறை கண்டுவிட்டால் எண்ணத் தொடங்குங்கள். பயணத்தில் இருக்கும் சாம்பல் திமிங்கலம் பொதுவாக மூன்று முதல் ஐந்து மூச்சு விட்டு, வாலைத் தூக்கி மூழ்கி, மூன்று முதல் ஐந்து நிமிடம் கழித்து அதே திசையில் முன்னே தள்ளி எழும். தாளம் பிடிபட்டதும் மற்றவர்கள் மூழ்கிய இடத்தையே வெறித்துக்கொண்டிருக்க, நீங்கள் எழப்போகும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஸ்பெர்ம் திமிங்கலம் மட்டும் பொறுமையைச் சோதிக்கும்: மேலே மரக்கட்டை மாதிரி மிதந்து மூச்சு வாங்கிவிட்டு முக்கால் மணி நேரம் காணாமல் போகும். அப்போது சில படகுகள் நீருக்கடியில் ஒலிவாங்கியை இறக்குவார்கள். அது எழுப்பும் கிளிக் ஒலி சீரான டக்டக்காகக் கேட்கும். காதில் விழும் வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள்.

8. எது எது என்று அடையாளம் காண

மூச்சின் வடிவமே பாதிப் பெயரைச் சொல்லிவிடும். நேராக ஒன்பது மீட்டர் வரை எழும் தூண் என்றால் நீலத் திமிங்கலம். ஃபின் திமிங்கலத்துக்கும் உயரமான தூண்தான். சந்தேகமென்றால் கீழ்த்தாடையைப் பாருங்கள், வலப்பக்கம் மட்டும் வெள்ளையாக இருக்கும். முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ பார்க்கும்போது இதய வடிவம் என்றால் சாம்பல் திமிங்கலம். இரண்டாகப் பிரிந்த V வடிவம் என்றால் ரைட் திமிங்கலம். புதர் மாதிரி அடர்ந்து பரவினால் ஹம்பேக். முன்புறம் இடப்பக்கமாகச் சாய்ந்து வந்தால் ஸ்பெர்ம். அதன் மூச்சுத் துளை தலையின் நுனியில் இடப்புறம் இருப்பதால் வரும் சாய்வு அது. மூச்சே தெரியாமல் வளைந்த சிறு துடுப்பு இரண்டு முறை தெரிந்து மறைந்தால் மின்கே. அதை ஒழுங்காகப் படம் எடுத்தவர்கள் குறைவு.

முதுகைப் பாருங்கள். சாம்பல் திமிங்கலத்துக்கு முதுகுத்துடுப்பு கிடையாது, வால் பக்கம் முடிச்சு முடிச்சாக மேடுகள். உடம்பெங்கும் கொட்டலசு என்னும் ஓட்டுயிரும் பேனும் ஒட்டிய வெண்திட்டுகள். ஹம்பேக்குக்குச் சின்னத் திமில் மேல் துடுப்பு, உடல் நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீளக் கைத்துடுப்புகள். ஆண் ஓர்காவின் முதுகுத்துடுப்பு 1.8 மீட்டர் வரை வாள் போல நிமிர்ந்து நிற்கும். அதை வேறெதுவாகவும் தவறாக நினைக்க வழியில்லை.

திமிங்கலம் வராத நேரத்தில் முகம் வாடிப்போகிறவர்கள் பாதிக் கடலைத் தவற விடுகிறார்கள். படகின் முன்னலையில் டால்பின்கள் சவாரி செய்யும். கடல்சிங்கங்கள் ஒரு துடுப்பை மட்டும் நீருக்கு மேலே தூக்கிக்கொண்டு கூட்டமாக மிதக்கும். உடல் வெப்பத்தைச் சீர்செய்ய அப்படிச் செய்கின்றன, ஆபத்தில் கையாட்டுவதாக எண்ணிப் பதற வேண்டாம். காது மடல் வெளியே தெரிந்தால் கடல்சிங்கம், வெறும் துளை என்றால் கடல்நாய். கெல்ப் காட்டில் மல்லாந்து மிதந்து வயிற்றின் மேல் சிப்பியை உடைப்பது கடல் நீர்நாய். சுறாவின் துடுப்பு என்று எல்லோரும் அலறி, பிறகு அது தளர்வாக இப்படியும் அப்படியும் சாய்வதைப் பார்த்துச் சிரிப்பார்கள்: பக்கவாட்டில் படுத்து வெயில் காயும் சூரியமீன் அது. ஐஸ்லாந்தில் ஏப்ரல் முதல் பஃபின் பறவைகள் கூடு கட்ட வந்துசேரும்.

9. அருகில் வந்தபின்

அமெரிக்காவில் பொதுவாகத் திமிங்கலத்திடமிருந்து 91 மீட்டர் விலகியிருக்கச் சொல்கிறார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் அழிவின் விளிம்பிலுள்ள தென்பகுதி ஓர்காக்களுக்கு 2025 முதல் 914 மீட்டர். ஒலியால் இரை தேடும் விலங்கு அது. எஞ்சின் சத்தம் அதன் கண்ணைக் கட்டுவது போன்றது.

தூரத்தைவிட முக்கியம் நெருங்கும் விதம். நேர் எதிரிலும் நேர் பின்னாலும் போகக்கூடாது. பக்கவாட்டில், இணையாக, மெதுவாக. தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் ஒருபோதும் நுழையக்கூடாது. திமிங்கலமே நெருங்கி வந்தால் எஞ்சினைக் கியரிலிருந்து எடுத்துவிட்டு நிற்க வேண்டும். திசையைத் திடீரென மாற்றுவது, மூழ்கும் நேரம் நீள்வது, வாலைப் பக்கவாட்டில் விசிறுவது, குட்டியைத் தாய் மறுபக்கம் தள்ளிக்கொண்டு போவது: இதெல்லாம் "போதும்" என்று சொல்லும் மொழி. படகோட்டி அதைக் கண்டுகொள்ளாமல் துரத்தினால் அங்கேயே மரியாதையாகச் சொல்லுங்கள். பயணிகள் நெருக்கச் சொல்வார்கள் என்றுதான் அவர்களில் பலர் நெருங்குகிறார்கள். "இவ்வளவு தூரமே போதும்" என்று ஒரு குரல் வந்தால் அவர்களுக்கும் நிம்மதி.

எல்லோரும் ஒரே பக்கம் ஓடாதீர்கள். திமிங்கலம் படகுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் எழுவது சகஜம். அப்போது நகராமல் நின்றவருக்குத்தான் அதிர்ஷ்டம்.

10. படம்

கேமராவில் ஷட்டர் வேகம் 1/1000 அல்லது அதற்கு மேல், தொடர் குவியம், தொடர் படம், 100–400 மி.மீ. லென்ஸ் போதுமானது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், இன்னொன்றை உள்பையில் சூடாக வைத்திருங்கள். கைப்பேசி மட்டும் இருந்தால் ஜூம் செய்யாமல் வீடியோ எடுங்கள். முதல் திமிங்கலத்தைக் கருவி எதுவும் இல்லாமல் வெறுங்கண்ணால் பார்த்துவிடுங்கள். திரும்பியதும், உப்பு படிந்த கருவியை நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். காய்ந்த துணியால் தேய்த்தால் உப்பு கண்ணாடியைக் கீறும்.

ஹம்பேக் மூழ்கும்போது வாலின் அடிப்பக்கத்தை எடுக்கப் பாருங்கள். அங்கே உள்ள கறுப்பு வெள்ளைக் கோலம் நம் கைரேகை போல ஒன்றுக்கொன்று வேறு. ஹேப்பிவேல் என்ற தளத்தில் தேதியும் இடமும் சேர்த்து ஏற்றினால், இதுவரை உலகெங்கும் எடுத்த படங்களோடு கணினி ஒப்பிட்டு அது எந்தத் திமிங்கலம், முன்பு எங்கெங்கே பார்த்தார்கள் என்று தெரிவிக்கும். படம் மங்கல் என்று தயங்க வேண்டாம். நான் அனுப்பியதில் பாதி வால்தான் இருந்தது, மீதி பாதியை முன்னால் நின்றவரின் தொப்பி மறைத்திருந்தது. அதற்கே அடையாளம் கிடைத்தது.